அல்சூர் பக்கம் அரசுப் பள்ளி தேடுகிறவர்களுக்கு

ஊரிலிருந்து பெங்களூருக்குக் குடிவருகிற நம் ஆட்கள் வீடு பிடித்து, அட்வான்ஸ் கொடுத்து, பால் காய்ச்சின கையோடு கேட்கிற அடுத்த கேள்வி, பக்கத்தில் எந்த ஸ்கூல் நல்லா இருக்கும் என்பதுதான். தனியார் பள்ளி என்றால் பதில் சொல்லப் போட்டி போட்டுக்கொண்டு வருவார்கள். அரசுப் பள்ளி என்று சொல்லிப் பாருங்கள், "ஏன், காசுக்குக் கஷ்டமா?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள். பிள்ளையை அங்கே அனுப்புகிறவர்கள் பேசுவதில்லை, பேசுகிறவர்கள் அந்த கேட்டுக்குள் கால் வைத்ததில்லை. என் சித்தி மகள் குடியாத்தத்திலிருந்து குடும்பத்தோடு அல்சூர் பக்கத்து மர்ஃபி டவுனுக்கு வந்தபோது அவளோடு சேர்ந்து பள்ளிகள் ஏறி இறங்கினேன். பையன் ஒன்றாம் வகுப்பு சேர வேண்டும். பெண் ஊரில் தமிழ் மீடியத்தில் ஐந்து முடித்து ஆறுக்கு வந்தவள். அப்போது பார்த்ததையும் விசாரித்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன். ஏறி இறங்கிய அரசுப் பள்ளிகளின் பெயரைச் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் ஒரு நல்ல ஹெச்.எம். டிரான்ஸ்ஃபரில் போனால் அந்தப் பள்ளி ஒரே வருடத்தில் வேறு பள்ளியாகிவிடும். பெயரைக் கேட்டுக்கொண்டு போவதைவிட, போய் என்ன பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவது மேல்.

முதலில் கேட்க வேண்டியது, இந்தப் பள்ளி எந்த வகுப்புவரைக்கும் என்று. நம் ஊரில் பெயரிலேயே நடுநிலை, உயர்நிலை, மேல்நிலை என்று இருக்கும், பெற்றோருக்கும் பழகிவிட்டது. கர்நாடகத்தில் கணக்கு வேறு. லோயர் பிரைமரி என்றால் ஒன்றிலிருந்து ஐந்து, ஹையர் பிரைமரி என்றால் பெரும்பாலும் ஏழுவரை, சில இடத்தில் எட்டு. ஹைஸ்கூல் எட்டு முதல் பத்து. அதற்கு மேல் பி.யூ. காலேஜ், நம்முடைய பிளஸ் ஒன், பிளஸ் டூ. ஆக, ஒன்றாம் வகுப்பில் சேர்க்கிற பிள்ளைக்கு எப்படியும் ஒரு முறை, சில சமயம் இரண்டு முறை பள்ளி மாற்றியாக வேண்டும். டிசி வாங்குவதில் ஒன்றும் பெரிய சிரமமில்லை. சிரமம் எங்கே என்றால், ஏழாவது முடித்த பிள்ளைகள் எட்டுக்கு எங்கே போகிறார்கள் என்பதில். அந்த ஹைஸ்கூலில் அதே மீடியம் இருக்கிறதா, அங்கே போக மெயின் ரோட்டைத் தாண்ட வேண்டுமா, பஸ் ஏற வேண்டுமா? இதைக் கேட்டால் சில ஹெச்.எம்.கள் உடனே சொல்வார்கள், எங்கள் பிள்ளைகள் எல்லாம் அந்தப் பள்ளிக்குத்தான் போகிறார்கள், அங்கே கணக்கு டீச்சரை எனக்குத் தெரியும் என்று. சிலர், அது பெற்றோர் விருப்பம் மேடம் என்பார்கள். இந்த இரண்டு பதிலுக்கும் நடுவில்தான் பள்ளிகளின் வித்தியாசம் பாதி இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். கர்நாடக பப்ளிக் ஸ்கூல் என்று அரசே எல்.கே.ஜி.யிலிருந்து பன்னிரண்டுவரை ஒரே வளாகத்தில் நடத்துகிற பள்ளிகளும் உண்டு. வீட்டுப் பக்கத்தில் அப்படி ஒன்று அமைந்தால் யோசிக்கவே வேண்டாம், போய் வரிசையில் நில்லுங்கள்.

இந்தப் பகுதிக்கு ஒரு விசேஷம் உண்டு. அல்சூர், மர்ஃபி டவுன், காக்ஸ் டவுன், ஃப்ரேசர் டவுன், சிவாஜிநகர் எல்லாம் பழைய கன்டோன்மென்ட். 1809இல் வெள்ளைக்காரன் ராணுவத்தைக் கொண்டுவந்து இறக்கியபோது கூடவே வந்தவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். 1947 ஜூலைவரைக்கும் இந்தப் பகுதி மைசூர் மகாராஜா கையில் இல்லை, நேரடியாக ஆங்கிலேயரிடமே இருந்தது. அதனால் தமிழ்ப் பள்ளிகள் இங்கே வேர் பிடித்தன. ஆற்காடு நாராயணசாமி முதலியார் 1873இல் ஏழைப் பிள்ளைகளுக்காக ஆரம்பித்த பள்ளி ஆர்.பி.ஏ.என்.எம். என்ற பெயரில் அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் இன்றைக்கும் நடக்கிறது. கன்னடம், தமிழ், உருது, ஆங்கிலம் என்று நாலு மீடியமும் இவ்வளவு நெருக்கத்தில் கிடைக்கிற பகுதி பெங்களூரில் அதிகம் இல்லை. ஒயிட்ஃபீல்டு பக்கம் புதிதாகக் குடிவந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

சரி, தமிழ் மீடியமே இருக்கிறதே, பிள்ளைக்குச் சுலபம்தானே என்றுதான் சித்தி மகளும் ஆரம்பித்தாள். நாங்கள் போன ஒரு தமிழ் மீடியப் பள்ளியில் டீச்சர் அவ்வளவு அன்பாகப் பேசினார், உட்கார வைத்து மோர் கொடுத்தார், பிள்ளைகள் திருக்குறள் சொல்லிக் காட்டினார்கள். பள்ளி முழுக்கச் சேர்த்தாலும் ஒரு பஸ்ஸை நிரப்ப முடியாது. இதில் ஒரு கணக்கு இருக்கிறது, அதைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். கல்வி உரிமைச் சட்டப்படி ஆரம்பப் பள்ளியில் 60 பிள்ளைகள்வரைக்கும் 2 ஆசிரியர். பிள்ளைகள் 20 பேரே இருந்தாலும் ஐந்து வகுப்பு இருக்கிறது, ஆசிரியர் இருவர்தான். அதில் ஒருவர் ஹெச்.எம்., அவருக்கு ஆன்லைன் பதிவு, மீட்டிங், சத்துணவுக் கணக்கு, தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியல். மீதி ஒருவர் ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் வைத்துக்கொண்டு என்ன செய்வார்? கூட்டம் குறைவு, கவனிப்பு அதிகம் என்று நாம் நினைக்கிறோம், நடப்பது பல இடத்தில் நேரெதிர்.

இன்னொன்று, தமிழ் மீடியம் என்றதும் நம் ஊர் சமச்சீர் புத்தகம் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். கர்நாடகப் பாடத்திட்டம்தான், அதைத் தமிழில் அச்சடித்துக் கொடுக்கிறார்கள். பத்தாவதுவரை தமிழில் பரீட்சை எழுதலாம், தமிழை முதல் மொழியாக எடுத்தால் அதற்கு 125 மார்க், மற்ற ஐந்துக்கும் 100, ஆக 625. ஆனால் பி.யூ. வந்தால் ஆங்கிலம் அல்லது கன்னடம், இரண்டே வழி. அதுவரைக்கும் போவதற்கு முன்பே, தமிழ் மீடிய ஹைஸ்கூல் நடக்கிற தூரத்தில் இருக்கிறதா என்று பார்த்தால் பல பேருக்கு இல்லை. ஏழாவதோடு பாதை முட்டிக்கொள்கிறது. எட்டில் போய் மீடியம் மாறுவதைவிட ஆறில் மாறுவது தேவலை. எட்டில் அல்ஜீப்ராவும் புது மொழியும் சேர்ந்து வந்தால் பிள்ளை எதைப் பிடிக்கும்? தமிழ்ப் பள்ளி தேய்கிறதே என்று எனக்கும் வருத்தம் உண்டு, தமிழ்ச் சங்கத்தில் யாராவது மேடையில் பேசினால் நானும் கை தட்டுவேன், ஆனால் அந்த வருத்தத்தை ஆறாம் வகுப்புப் பெண் தலையில் ஏற்ற முடியாது.

பையனுக்கு வேறு கதை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எந்த மொழியும் தெருவிலேயே வந்துவிடும், ஆறு மாதத்தில் வீட்டுக்கார அம்மாவிடம் கன்னடத்தில் சண்டை போடுவான். அவனுக்காகப் பார்த்த கன்னடப் பள்ளியில்தான் எனக்கு நலி-கலி வகுப்பை நேரில் பார்க்கக் கிடைத்தது. 1995 வாக்கில் மைசூர் மாவட்டம் ஹெக்கடதேவன கோட்டையில் ஆசிரியர்கள் சேர்ந்து ஆரம்பித்த முறை இது, பிறகு கர்நாடகம் முழுக்கக் கன்னட அரசுப் பள்ளிகளுக்கு வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில். பெஞ்சு கிடையாது, வட்டம் வட்டமாகத் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். தலைக்கு மேலே குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டி அதில் பிள்ளைகள் வெட்டி ஒட்டிய காகித மீனும் இலையும் தொங்குகின்றன. சுவரின் கீழ்ப்பகுதி முழுக்கக் கரும்பலகை, பிள்ளை உட்கார்ந்தபடியே எழுதுகிற உயரத்தில், ஆளுக்கொரு கட்டம். சுவரில் ஏணி மாதிரி ஒரு படம், அதில் தான் எந்தப் படியில் இருக்கிறோம் என்று பிள்ளையே பார்த்து, அந்தப் படிக்கான அட்டையை ட்ரேயிலிருந்து எடுத்து வந்து உட்காருகிறது. ஒரு பையன் தப்பான அட்டையை எடுத்ததற்கு அவனைவிடச் சின்னப் பெண் எழுந்து போய்ப் பிடுங்கி மாற்றி வைத்தாள், டீச்சர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இந்த மாதிரி ஒரு வகுப்புக்கு மாதம் ஆயிரக்கணக்கில் வாங்குகிற தனியார் பள்ளிகள் இந்திராநகரில் இருக்கின்றன. ஆனால் இதே முறை, டீச்சர் சலித்துப்போன இன்னொரு பள்ளியில் எப்படி இருந்தது தெரியுமா? அட்டைகள் பீரோவில் பூட்டியிருந்தன, தொலைந்துவிடுமாம், பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்து வரிவரியாகக் காப்பி அடித்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே நலி-கலி உண்டா என்று கேட்காதீர்கள், அட்டைகளின் ஓரத்தைப் பாருங்கள். பயன்படுத்தின அட்டை மழுங்கி, அழுக்கேறி இருக்கும். புத்தம்புதிதாக மின்னினால் வேறு பள்ளி பாருங்கள்.

2019இலிருந்து அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கில மீடியப் பிரிவுகள் வந்தன, முதலில் 1,000 பள்ளிகளில். அந்த அறிவிப்பு வந்தபோது கன்னட எழுத்தாளர்கள் நிறையப் பேர் எதிர்த்தார்கள், அவர்கள் கவலை அவர்களுக்கு. பெற்றோர் என்ன செய்தார்கள் என்றால், அந்தப் பிரிவு இருக்கிற பள்ளியைத் தேடிப்போய்ச் சேர்த்தார்கள். அதே வளாகத்தில் கன்னடப் பிரிவில் பத்துப் பன்னிரண்டு பேர், ஆங்கிலப் பிரிவில் உட்கார இடமில்லை என்கிற காட்சியை நாங்களே பார்த்தோம். ஒரு விஷயம் மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள், ஆங்கிலப் பிரிவுக்குத் தனி டீச்சர் இருக்கிறாரா, இல்லை கன்னடப் பிரிவு டீச்சரே சிறு பயிற்சி எடுத்துக்கொண்டு வந்து இரண்டையும் பார்க்கிறாரா என்று. பல இடத்தில் இரண்டாவதுதான். அது தப்பு என்று சொல்லமாட்டேன், கன்னடத்தில் நன்றாகக் கணக்குச் சொல்லித் தருகிறவர் சுமாரான ஆங்கிலம் பேசினாலும் பிள்ளைக்குக் கணக்கு வரும்.

ரிசல்ட் சதவீதத்தைப் பார்த்துப் பள்ளியை எடை போடுகிற பழக்கத்தை நான் விட்டுவிட்டேன். எஸ்.எஸ்.எல்.சி. மாநிலத் தேர்ச்சி 2023இல் 83.89 சதவீதம். 2024இல் தேர்வு அறைகளில் கேமரா வைத்து நேரடியாகக் கண்காணித்தார்கள், கிரேஸ் மார்க்கை 20 சதவீதம்வரை உயர்த்திக் கொடுத்தும் 73.40தான் வந்தது. 2025இல் அந்தச் சலுகை கிடையாது, 66.14. இரண்டு வருடத்தில் கர்நாடகப் பிள்ளைகளுக்கு மூளை குறைந்துவிட்டதா என்ன? கேட்டில் 100 சதவீதம் என்று ஃபிளெக்ஸ் தொங்கினால் எந்த வருடம் என்று பாருங்கள், எத்தனை பேர் எழுதினார்கள் என்று கேளுங்கள். ஒன்பதாவதில் எத்தனை பேர் இருந்தார்கள், அதில் எத்தனை பேர் பத்தாவது எழுதினார்கள் என்று கேட்டால் இன்னும் நல்லது, ஆனால் அதைக் கேட்டால் சில இடத்தில் முகம் மாறும், தயாராக இருங்கள்.

அதைவிட உபயோகமான கேள்வி, கெஸ்ட் டீச்சர் எத்தனை பேர், போன வருடம் எந்த மாதம் வந்து சேர்ந்தார்கள் என்பது. நிரந்தர இடங்கள் காலியாகவே கிடக்கின்றன, அரசு வருடா வருடம் தற்காலிகமாக ஆட்களை எடுத்து நிரப்புகிறது. பள்ளி மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ திறந்துவிடும், கெஸ்ட் டீச்சர் வந்து சேர்வதற்குள் முதல் பரீட்சையே நெருங்கிவிடுவதும் உண்டு. ஆறு, ஏழு, எட்டில் கணக்குக்கும் அறிவியலுக்கும் ஆள் இல்லாமல் இரண்டு மாதம் போனால் அது சின்ன நஷ்டமில்லை. நாங்கள் பார்த்ததில் ஒரு பள்ளியில் எஸ்.டி.எம்.சி.யில் இருக்கிற அம்மாக்கள், அதாவது பெற்றோர் குழு, பி.ஈ.ஓ., அதாவது வட்டாரக் கல்வி அதிகாரி, ஆபீஸுக்குப் படையெடுத்துப் போய் டீச்சரைக் கையோடு வாங்கிக்கொண்டு வந்தார்களாம். அந்தக் குழுத் தலைவி பூ கட்டி விற்கிறவர். அவர் பேசின பேச்சைக் கேட்டதும் சித்தி மகள் என் காதில், "அக்கா, இந்த ஸ்கூல்தான்" என்றாள்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அது பரவாயில்லை. நகரத்துக்குள் பல பள்ளிகளுக்கு அக்ஷய பாத்திராவின் வண்டி வருகிறது, அவர்கள் 2000இல் இதே பெங்களூரில்தான் ஆரம்பித்தார்கள். வெங்காயம் பூண்டு இல்லாத சாம்பார், நம் பிள்ளைகளுக்கு முதல் வாரம் முகம் சுளிக்கும், அப்புறம் பழகிவிடும். காலையில் பால், சில நாள் ராகி மாவு கலந்து. முட்டை அந்த வண்டியில் வராது, பள்ளியில்தான் அவிக்க வேண்டும், வேண்டாம் என்கிற பிள்ளைக்கு வாழைப்பழம். 2024இல் அசீம் பிரேம்ஜி அறக்கட்டளை பணம் கொடுத்ததில் முட்டை வாரம் 6 நாளாக ஆனது. ஒரு முட்டைக்கு 6 ரூபாய் என்று வைத்து, அதற்குள்ளேயே காஸ் செலவு, உரிக்கிற கூலி எல்லாம் அடக்கம் என்றால் ஹெச்.எம். என்ன செய்வார், விலை ஏறின மாதம் கைக்காசு போடுகிறவர்களும் உண்டு, வாழைப்பழத்தோடு முடித்துக்கொள்கிறவர்களும் உண்டு. முட்டை நாளில் போய்ப் பாருங்கள், ஹெச்.எம். எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும்.

கழிப்பறையைக் கட்டாயம் பாருங்கள், பெண் பிள்ளை என்றால் கதவுத் தாழ்ப்பாளைப் போட்டுப் பாருங்கள், குழாயைத் திறந்து பாருங்கள். "சாவி ஆயாகிட்ட இருக்கு, ஆயா இன்னைக்கு லீவு" என்று ஒரு இடத்தில் பதில் வந்தது. அத்தோடு அந்தப் பள்ளியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம்.

எய்டட் பள்ளிகளும் இந்தப் பக்கம் நிறைய. மிஷன் பள்ளிகள், அறக்கட்டளைப் பள்ளிகள், பலவற்றுக்கு நூறு வயது. ஆசிரியர் சம்பளம் அரசு கொடுக்கிறது, நிர்வாகம் அவர்களுடையது. ஓய்வு பெற்றவர் இடத்துக்கு அரசு சுலபத்தில் ஆள் போடுவதில்லை, அதனால் நிர்வாகமே ஆள் வைத்துக்கொண்டு அந்தச் செலவை ஃபீஸில் ஏற்றுகிறது. ஒரே காம்பவுண்டில் எய்டட் பிரிவு, எய்டு இல்லாத பிரிவு இரண்டும் ஓடும். நம்மைப் பார்த்ததும் இரண்டாவது பக்கம் கை காட்டுவார்கள், எய்டட் பிரிவில் இடம் இருக்கிறதா என்று விட்டுவிடாமல் கேட்க வேண்டும்.

தனியார் பள்ளியில் 25 சதவீதம் இலவச இடம் கிடைக்குமே என்று ஊரில் சொந்தக்காரர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். தமிழ்நாட்டு நினைப்பு. கர்நாடகத்தில் 2019இலிருந்து, பக்கத்தில் அரசுப் பள்ளியோ எய்டட் பள்ளியோ இருந்தால் தனியார் பள்ளி அந்த இடத்தைக் கொடுக்கத் தேவையில்லை என்று விதியை மாற்றிவிட்டார்கள், உயர் நீதிமன்றமும் அதைச் சரி என்றது. அல்சூரில் தடுக்கி விழுந்தால் ஒரு அரசுப் பள்ளி, அதனால் அந்தக் கதவு மூடியாயிற்று. எம்.இ.ஜி. என்கிற ராணுவ மையத்தின் பக்கம் கேந்திரிய வித்யாலயா இருக்கிறது, அருமையான பள்ளி, ஆனால் ராணுவத்திலோ மத்திய அரசிலோ வேலை பார்ப்பவர்களுக்கு முன்னுரிமை, மற்றவர்களுக்கு ஒன்றாம் வகுப்பில் குலுக்கல். எம்.பி. சிபாரிசுக் கோட்டாவை 2022லேயே எடுத்துவிட்டார்கள், அதற்காக யாரையும் பிடித்து அலைய வேண்டாம். விண்ணப்பம் போட்டுவிட்டு மறந்துவிடுங்கள், வந்தால் லாபம்.

எந்தப் பள்ளியாக இருந்தாலும் கன்னடம் உண்டு, 2015இல் வந்த சட்டப்படி முதல் மொழியாகவோ இரண்டாம் மொழியாகவோ படித்தே ஆக வேண்டும், எந்த போர்டாக இருந்தாலும் சரி. இதில் முணுமுணுக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. இங்கே சம்பாதிக்கிறோம், இங்கே காய்கறி வாங்குகிறோம், பிள்ளை கடைப் பெயர்ப்பலகை படிக்கக் கற்றுக்கொண்டால் நமக்கும் உபகாரம்தான்.

காகிதத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிறப்புச் சான்றிதழ், பழைய டிசி, சாதி வருமானச் சான்றிதழ் எல்லாரும் எடுத்து வருவார்கள். ஆதாரில் முகவரியை மாற்ற மறந்துவிடுவார்கள். 2023 ஜூனிலிருந்து கர்நாடகத்தில் பெண்களுக்கு சாதாரண பஸ் இலவசம், ஆனால் அட்டையில் கர்நாடக முகவரி இருக்க வேண்டும். குடியாத்தம் முகவரியோடு ஏறினால் கண்டக்டர் டிக்கெட் கிழித்துவிடுவார். வாடகை ஒப்பந்தம் கையில் வந்ததும் முதல் வேலையாக அதைச் செய்துவிடுங்கள். பெண்ணின் பள்ளி தூரமாக இருந்தால் மாதம் அது ஒரு தொகை. பஸ்ஸில் போகிற ஆண் பிள்ளைக்கு எப்படியும் பி.எம்.டி.சி., அதாவது நகரப் பஸ், மாணவர் பாஸ்தான்.

கடைசியில் பையன், அந்தப் பூக்கார அம்மா இருக்கிற பள்ளியில் ஆங்கிலப் பிரிவில் சேர்ந்தான். வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம், ஏழுவரை இருக்கிறது, அங்கிருந்து பிள்ளைகள் போகிற ஹைஸ்கூலும் அடுத்த தெருதான். பெண்ணை எய்டட் பள்ளி ஒன்றில் ஆங்கில மீடியத்தில் போட்டாள், அங்கே தமிழ் ஒரு பாடமாக இருக்கிறது, பத்துவரை இடம் மாற வேண்டாம். கன்னடம்தான் அவளுக்கு மலை. மற்ற பிள்ளைகள் ஐந்து வருடம் படித்துவிட்டு வந்திருக்கிறார்கள், இவள் எழுத்திலிருந்து தொடங்க வேண்டும். எழுத்துக்குக் கீழே தொங்குகிற ஒத்தக்ஷரத்தில் மாட்டிக்கொண்டு, க-வுக்கு எதற்கு இத்தனை வகை என்று அழுதாள். பக்கத்து வீட்டில் பி.யூ. படிக்கிற பெண் மாலையில் சொல்லித் தருகிறாள், பதிலுக்கு இவள் அம்மா அவளுக்குப் பிரியாணி செய்து கொடுக்கிறாள். ஆம்பூர் பக்கத்துக் கை, அந்தப் பெண்ணுக்கு லாபம்.

பள்ளி பார்க்கப் போகிறவர்கள் ஏப்ரல் 10க்கு முன்னால் போய்விடுங்கள், வகுப்பு நடக்கிறபோது. மே மாதம் போனால் ஹெச்.எம். மட்டும் உட்கார்ந்து அட்மிஷன் எழுதிக்கொண்டிருப்பார், அறைகளெல்லாம் பூட்டியிருக்கும், அட்டையும் தெரியாது, முட்டையும் தெரியாது. ஒன்றாம் வகுப்புக்கு ஜூன் 1 அன்று ஆறு வயது முடிந்திருக்க வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஃப்ரேசர் டவுன், சிவாஜிநகர் பக்கத்து எய்டட் பள்ளிகளில் தமிழ் ஒரு பாடமாக எங்கெங்கே இன்னும் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் எனக்குச் சொல்லுங்கள், அடுத்த வருடம் என் தோழி ஒருத்தி சேலத்திலிருந்து வருகிறாள், அவளுக்கு இப்போதே கேட்டு வைக்க வேண்டும்.